மானியப் புஞ்சை வழியே ஒரு முப்பாட்டன்

திண்டுக்கல் வட்டாரத்தில் பெரியவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் கொஞ்ச நேரத்தில் ஒரு முப்பாட்டன் வந்துவிடுவார். ஒரு வீட்டில் அவர் மலைக்கோட்டையில் பீரங்கிக்கு மருந்து கெட்டித்தவர். இன்னொரு வீட்டில் ஹைதர் அலியின் குதிரைகளைப் பார்த்துக்கொண்டவர். பழனி சாலைப் பக்கம் போனால் விருப்பாச்சி கோபால் நாயக்கரோடு நின்று வெள்ளைக்காரனை எதிர்த்தவர். எங்கள் வீட்டில் இருப்பவர் இந்தக் கடைசி வகை. காவல்காரத் தாத்தா என்றுதான் சொல்வோம். ஊருக்கு மேலே மலையேறும் பாதையில் காவல் நின்றார், அதற்குப் பாளையக்காரர் கொடுத்த வரியில்லா மானிய நிலத்தில் பிழைத்தார், கலகத்தின்போது வேல் எடுத்தார். அப்பத்தா சொன்ன கதை இவ்வளவுதான். அவருக்கு முகமும் கிடையாது, வருஷமும் கிடையாது. பெயரில்கூட இரண்டு பங்காளி வீடுகளுக்குள் தகராறு.

அவரைத் தேடிப் போனபோது நான் பிடித்துக்கொண்ட ஒரு வழியைப் பற்றித்தான் இந்தப் பதிவு. நம் பக்கத்துச் சாதாரணக் குடும்பத்தின் மூதாதையைத் தேட வேண்டுமென்றால் ஆளைத் தேடாதீர்கள், நிலத்தைத் தேடுங்கள். கம்பெனி சர்க்காருக்கு ஆள் முக்கியமில்லை. நிலத்துக்கு யார் கிஸ்தி கட்டுகிறான், எந்த நிலத்துக்கு எதனால் கிஸ்தி வரவில்லை என்பதுதான் முக்கியம். அந்தக் கேள்விக்கு அவர்கள் எழுதிவைத்த பதிலுக்குள்தான் நம் ஆட்கள் இருக்கிறார்கள்.

முதலில் இடத்தைப் பற்றி. இன்று திண்டுக்கல்லைப் பூட்டு, பிரியாணி, புகையிலை என்று சொல்கிறோம். பதினெட்டாம் நூற்றாண்டில் இது எல்லைப்புறம். வடமேற்கே மைசூர், கிழக்கேயும் தெற்கேயும் ஆற்காட்டு நவாபின் பெயரால் நடந்த ஆட்சி, நடுவே சிறுமலைக்கும் பழனி மலைக்கும் இடைப்பட்ட சமவெளி. மைசூரிலிருந்து மதுரைக்குப் படை போக வேண்டுமென்றால் இந்த வழியாகத்தான் இறங்க வேண்டும். பாறைமேல் இருக்கும் கோட்டையை 1605இல் முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கர் கட்டத் தொடங்கியதும் இதற்காகத்தான். 1755இல் ஹைதர் அலி மைசூரின் பௌஜ்தாராக இங்கே வந்தார். பாளையக்காரர்களிடம் பாக்கியை வசூல் செய்து, படையைப் பெருக்கி, பின்னாளில் மைசூரையே கையில் எடுக்கும் அளவுக்கு வளர்ந்தது இந்த ஊரில் இருந்துகொண்டுதான். பேகம்பூர் என்ற பெயரே அவருடைய தங்கை அமீருன்னிசா பேகம் அங்கே அடக்கமானதால் வந்தது.

அதற்குப் பிறகு கோட்டை கை மாறிய வேகத்தைப் பாருங்கள். 1767இல் ஆங்கிலேயர் பிடித்தார்கள், அடுத்த வருஷமே ஹைதர் திரும்ப எடுத்தார். 1783இல் மறுபடி ஆங்கிலேயர். 1784 மங்களூர் உடன்படிக்கையில் திப்புவுக்குத் திரும்பியது. 1790 ஆகஸ்டில் கர்னல் ஸ்டுவர்ட் முற்றுகையிட்டுப் பிடித்தார். 1792 ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கைக்குப் பிறகு அது கம்பெனியிடமே நின்றுவிட்டது. மலையடிவாரத்தில் ஒரு பாதையைக் காத்துக்கொண்டிருந்த ஒருவர், தான் நின்ற இடத்தைவிட்டு ஓர் அடி நகராமலே இருபத்தைந்து வருஷத்துக்குள் அத்தனை ராஜாங்கத்தையும் பார்த்திருப்பார். பாதை ஒன்றுதான், காவல் ஒன்றுதான். கூலி கேட்க வேண்டிய வாசல் மட்டும் மாறிக்கொண்டே இருந்தது.

கோட்டையில் இருந்த ஆங்கிலேயரின் வாரிசுகள் தங்கள் பாட்டன்களைத் தேடுவது வேறு கதை. லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்திய அலுவலக ஆவணங்களில், சென்னை மாகாணத்தில் ஞானஸ்நானம் பெற்றவர், மணந்தவர், புதைக்கப்பட்டவர் என்று பட்டியல் இருக்கிறது. படையில் சேர்ந்த தேதி, பதவி உயர்வு, ஓய்வூதியம் எல்லாம் தனித்தனியாக உண்டு. கல்லறை வாசகங்களையும் விடவில்லை. ஜே.ஜே. காட்டன் 1905இல் சென்னை மாகாணத்துக் கல்லறைகளில் பொறித்திருந்ததைத் தொகுத்து ஒரு புத்தகமே போட்டிருக்கிறார். இருபது வயதில் இங்கே வந்து காய்ச்சலில் செத்துப்போன லெப்டினென்டுக்குக்கூட நாலு இடத்தில் பதிவு இருக்கும். அதே வெயிலில், அதே காய்ச்சலில் செத்த நம் ஆளுக்கு ஒரு வரிகூட இருக்காது. இதை நினைக்கும்போது எனக்கு இன்னும் மனசு ஆறுவதில்லை.

நம் பக்கத்தில் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு ஒரு வசதி உண்டு. பங்குக் கோயில்களின் ஞானஸ்நானப் பதிவேடு, சேசு சபையார் செண்பகனூரில் சேர்த்துவைத்திருக்கும் ஆவணங்கள், அமெரிக்க மதுரை மிஷன்காரர்களின் ஆண்டறிக்கைகள் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை பின்னால் போக முடியும். பாளையக்காரர் வம்சத்தாருக்கு வேறொரு வசதி. காலின் மெக்கன்சியின் ஆட்கள் ஊர் ஊராகப் போய் எழுதிவாங்கிய வம்சாவளிகள் சென்னையில் அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் இருக்கின்றன. மெக்கன்சி இந்தியாவுக்கு வந்த 1783லேயே கோயம்புத்தூர், திண்டுக்கல் பக்கம் படையோடு திரிந்தவர். ஆனால் அந்த வம்சாவளிகளைப் படிக்கும்போது ஒன்றை மறக்கக் கூடாது. பாளையம் கையைவிட்டுப் போய்விடுமோ என்ற பயத்தில், புதிய துரைக்குத் தன் பழமையைக் காட்டச் சொல்லப்பட்டவை அவை. விஜயநகரத்து ராயர் நேரில் பட்டம் கட்டினார் என்று பாதிப் பாளையக்காரர்கள் சொன்னது அதனால்தான்.

இந்த இரண்டு வசதியும் இல்லாத வீட்டுக்கு மானியம்தான் நூல்.

எங்களுக்கு அது மலையடிவாரத்தில் ஒரு மானாவாரிப் புஞ்சை. இப்போது முருங்கை நிற்கிறது, காய் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குப் போகிறது. அந்தத் துண்டை ஊரில் இன்றைக்கும் காவ மானியம் என்றுதான் சொல்வார்கள். கூட்டுப் பட்டாவில் இருக்கும் புல எண் 1979இல் தொடங்கிய யு.டி.ஆர். (நிலவுடைமைப் பதிவு மேம்பாட்டு) அளவையில் வந்த புது எண். இங்கேதான் பலபேர் நின்றுவிடுகிறார்கள். புது எண்ணுக்குப் பழைய எண் எது என்று காட்டும் பதிவேடு ஒன்று உண்டு. அதைப் பார்க்காமல் ஓர் அடி பின்னால் போக முடியாது. பழைய எண் கையில் வந்ததும், 1880களில் நடந்த செட்டில்மெண்ட்டின் பதிவேட்டில் அந்த எண்ணுக்கு நேரே இனாம் (மானியம்) என்று குறிப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இனாம் நிலமென்றால் பக்கத்தில் டைட்டில் டீடு எண் போட்டிருப்பார்கள். அந்த எண் கிடைத்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி.

இன்னொரு தடங்கல் வட்டத்தின் பெயர். திண்டுக்கல் மாவட்டம் மதுரையிலிருந்து பிரிந்தது 1985 செப்டம்பர் 15இல். இன்றைய வட்டங்கள் பலவும் பிற்காலத்தில் வந்தவை. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பதிவேடுகளில் நம் ஊர்கள் மதுரை ஜில்லா, திண்டுக்கல் தாலுகா என்றோ பழனி தாலுகா என்றோதான் கிடக்கும். இன்றைய வட்டத்தின் பெயரை எழுதி மனு போட்டுவிட்டு ஆவணம் இல்லை என்று திரும்பிவந்தவர்களை எனக்குத் தெரியும்.

இனி, இனாம் பதிவேடு. 1858இல் சென்னை மாகாணத்தில் இனாம் கமிஷன் அமைத்தார்கள். கோயில், சத்திரம், பிராமணர், கர்ணம், தச்சன், வெட்டியான், காவல்காரன் என்று யார் யாருக்கெல்லாம் பழைய ராஜாங்கங்கள் வரியில்லாமல் நிலம் விட்டிருந்தனவோ, அத்தனையையும் ஊர் ஊராக விசாரித்து எழுதினார்கள். எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் கிராமவாரியாக அவை இருக்கின்றன. பெரிய தாள், இரண்டு பக்கமும் சேர்த்து நீளும் கட்டங்கள், பழுப்பேறிய மை. ஒவ்வொரு நிலத்துக்கும் ஒரு வரிசை. எவ்வளவு நிலம், என்ன ஊழியத்துக்காக, யார் கொடுத்தது, முதலில் வாங்கியவர் யார், பழைய கணக்கில் யார் பேரில் இருந்தது, இப்போது யார் அனுபவிக்கிறார், அவருக்கு என்ன வயசு, முதலில் வாங்கியவருக்கு இவர் என்ன உறவு.

கடைசி இரண்டையும் இன்னொரு முறை வாசியுங்கள். வயசும் உறவும். இங்கிலாந்துக்காரனுக்கு மாதா கோயில் பதிவேடு செய்த வேலையை நமக்குச் செய்திருப்பது இந்த இரண்டு கட்டங்கள்தான். வாரிசு இல்லாமல் போனால் நிலத்தை எடுத்துக்கொள்ளலாமா என்ற கணக்கில் சர்க்கார் கேட்ட கேள்வி அது. அந்தக் கேள்வியால்தான் ஏழை வீட்டு வம்சம் காகிதத்தில் ஏறியது.

எங்கள் ஊர்ப் பக்கத்தைப் புரட்டி அந்த டைட்டில் டீடு எண்ணைக் கண்டபோது, அனுபவிப்பவர் என்ற கட்டத்தில் ஐம்பதைத் தாண்டிய ஒருவரின் பெயர் இருந்தது. நிலம் கொடுத்தவர், முன்னாள் பாளையக்காரர். ஊழியம், ஊர்க் காவல். இப்போது ஊழியம் நடக்கவில்லை. உறவுக் கட்டத்தில் மகன் என்றிருந்தது. அவருடைய தகப்பன் பசலி 1212இன் பழைய பைமாஷ் (நில அளவை) கணக்கில் உள்ளவராகக் காட்டப்பட்டிருந்தார். (பெயர்களை இங்கே எழுதவில்லை. அந்த நிலத்தில் இன்னும் பல பேருக்குப் பங்கு இருக்கிறது.) இனாம் விசாரணை நடந்த 1860களில் மகனுக்கு ஐம்பதுக்கு மேல் என்றால் அவர் பிறந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில். அப்படியானால் 1801இல் தகப்பன் நல்ல வாலிபன். காவல்காரத் தாத்தா அவர்தான்.

பசலி ஆண்டை ஆங்கில ஆண்டாக்குவது தெரியாமல் இந்தத் தாள்களைத் தொடவே முடியாது. பசலியோடு 590 கூட்டுங்கள். பசலி 1212 என்றால் 1802-03. வருஷம் ஆடியை ஒட்டித் தொடங்குவதால் பிற்பாதி அடுத்த ஆங்கில ஆண்டில் விழும். ஸ்டுவர்ட் கோட்டையைப் பிடித்த பசலி 1200ஆக அமைந்துபோனது நினைவில் வைத்துக்கொள்ள வசதி. பெயரிலும் ஒரு கண்ணி உண்டு. பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கத்தால் ஒரே இரண்டு பெயர்கள் மாறி மாறி வரும். பெயர் ஒத்துப்போகிறதே என்று சந்தோஷப்பட்டால் நடுவில் இரண்டு தலைமுறை காணாமல் போயிருக்கும். எங்கள் பங்காளித் தகராறும் இதில்தான் பிறந்திருக்கிறது. இரண்டு வீட்டாரும் சரியான பெயரைத்தான் சொல்லியிருக்கிறார்கள். ஒருவர் தகப்பனைச் சொன்னார், மற்றவர் மகனை.

இப்போது 1801க்கு வருகிறேன். மனசில் அதிகம் உறுத்துவது அதுதான்.

விருப்பாச்சி கோபால் நாயக்கர் சாதாரண ஆள் இல்லை. 1772இல் காளையார்கோவிலில் சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதர் கொல்லப்பட்ட பிறகு அவர் மனைவி வேலு நாச்சியார் அடைக்கலம் புகுந்தது விருப்பாச்சியில்தான். ஹைதரின் உதவியோடு சிவகங்கையை அவர் மீட்கும்வரை இந்தச் சீமைதான் அவருக்குப் புகலிடம். பின்னாளில் மருது சகோதரர்களும் திண்டுக்கல், கொங்குப் பாளையக்காரர்களும் கம்பெனிக்கு எதிராக ஒன்று சேர்ந்தபோது விருப்பாச்சி அதன் ஒரு தலைவாசல். 1800 ஜூன் 3இல் கோயம்புத்தூர்க் குதிரைப்படை முகாமைத் தாக்கும் திட்டம் தோற்றுப் பலர் தூக்கில் ஏறினார்கள். 1801இல் கர்னல் இன்னெஸ் படையோடு வந்தார், விருப்பாச்சி விழுந்தது, கோபால் நாயக்கர் பிடிபட்டுத் தூக்கிலிடப்பட்டார். திண்டுக்கல் கோபாலசமுத்திரக் கரையில்தான் தூக்கிலிட்டார்கள் என்பது ஊர் வழக்கு. விருப்பாச்சியில் அவருக்கு இப்போது மணிமண்டபம் இருக்கிறது. கே. ராஜய்யன் 1971இல் இந்தக் கிளர்ச்சியைப் பற்றி ஆங்கிலத்தில் முழுப் புத்தகமே எழுதியிருக்கிறார்.

அவரோடு நின்ற காவல்காரனின் மானியம் 1802-03 கணக்கிலும் அவர் பெயரிலேயே தொடருமா? அதுதான் கேள்வி. கிளர்ச்சியில் வெளிப்படையாக நின்றவர்களின் நிலத்தைக் கம்பெனி விட்டுவைக்கவில்லை. தலைவர்களில் உயிரோடு பிடிபட்டவர்களையே 1802 பிப்ரவரியில் தூத்துக்குடியிலிருந்து கப்பலேற்றிப் பினாங்குக்கு அனுப்பினார்கள், எழுபதுக்கு மேற்பட்டவர்கள். சின்ன மருதுவின் மகன் துரைசாமி அதில் ஒருவர். அப்படிப்பட்ட நேரத்தில், கலெக்டர் ஹர்டிஸ் நிலம் நிலமாக அளந்து கணக்கெடுத்த காலத்தில், எங்கள் தாத்தாவின் பெயர் அடிபடாமல் நிற்கிறது என்றால் அவர் சண்டைக்குப் போகவில்லை, அல்லது போய்விட்டுச் சத்தமில்லாமல் திரும்பிவந்துவிட்டார். புதிய சர்க்காரின் ஆள் முன்னால் நின்று, இது என் மானியம், இன்ன நாலெல்லை என்று சொல்லியிருக்கிறார். கர்ணம் எழுதியிருக்கிறார்.

பெரியப்பாவிடம் இதைச் சொன்னேன். திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டார்.

“அப்ப நம்ம பாட்டன் வெள்ளக்காரனுக்குக் கணக்குக் காட்டுன ஆளுங்கிறியா?”

“அப்பிடி இல்லைங்க பெரியப்பா. நெலத்தக் காப்பாத்தியிருக்காரு.”

“அந்த வேலு? சாமிப் பெட்டியில இருக்கே, அது யாரு வேலு?”

நியாயமான கேள்வி. எங்கள் குலசாமிப் பெட்டியில் ஒரு வேல் இருக்கிறது. சிவராத்திரிக்குப் பெட்டி திறக்கும்போது பார்க்கலாம். பூசைக்காகச் செய்த பித்தளை வேல் கிடையாது. கறுத்த இரும்பு, இலை போன்ற தலை, ஒரு பக்க விளிம்பு நன்றாகத் தேய்ந்திருக்கிறது. சாணை பிடித்துப் பிடித்துத்தான் அப்படித் தேயும். கம்பு நுழையும் குழலில் ஒரு ஆணித் துளை. சர்க்கார் ஆயுதத்தையெல்லாம் கேட்டபோது இது சாமி ஆயுதம் என்று சொல்லிப் பெட்டியில் வைத்துவிட்டதாக வீட்டில் வழங்கும் கதை. 1801 டிசம்பர் 1இல் கவர்னர் எட்வர்ட் கிளைவ், தெற்குச் சீமை முழுக்க ஆயுதம் வைத்திருக்கக் கூடாது என்று பிரகடனம் போட்டது உண்மை. வேலும் வாளும் துப்பாக்கியும் ஊர் ஊராக வாங்கப்பட்டதும் உண்மை. காவல்காரனிடம் வேலைப் பிடுங்கினால் காவலும் முடிந்தது. பிறகு கம்பெனியின் தாணா வந்தது. இனாம் பதிவேட்டில் ஊழியம் நடக்கவில்லை என்று ஒரு வரியில் எழுதியிருப்பது இந்தக் கதையைத்தான். 1860களில் சின்ன வரி ஒன்றைப் போட்டு, ஊழியத்திலிருந்து நிலத்தை விடுவித்து, மகன் கையில் டைட்டில் டீடு கொடுத்தார்கள். 1963ஆம் வருஷச் சட்டத்தில் சிறு இனாம்கள் ஒழிக்கப்பட்டு மற்ற நிலங்களைப் போலப் பட்டாவானது.

பெரியப்பா சொல்வதுபோல அவர் வேலெடுத்து நின்றிருக்கலாம். நின்றிருந்தால் எனக்கும் பெருமைதான். ஆனால் எல்லாக் குடும்பத்தின் முப்பாட்டனும் கோபால் நாயக்கரோடு நின்றிருந்தால் கோபால் நாயக்கர் தோற்றிருக்கவே மாட்டார். எந்தச் சர்க்கார் வந்தாலும் ஒரு புஞ்சைத் துண்டை விடாமல் பிடித்திருந்து பிள்ளை கையில் கொடுத்துவிட்டுப் போன மனிதரை, வீரன் என்று நிரூபித்தால்தான் கும்பிடுவேன் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இப்போது சாதிவாரியாக வீர வரலாறுகள் அச்சாகி வருகின்றன. எல்லா முப்பாட்டனுக்கும் கையில் வாள், பின்னால் குதிரை. அதில் மூழ்கிப்போவது நிஜமாக வாழ்ந்த ஆள். ராத்திரி மாடு திருட்டுப் போனால் தானே ஈடு கொடுக்க வேண்டிய பொறுப்பைச் சுமந்து, வரகும் சோளமும் விதைத்து, மழை பொய்த்த வருஷம் பட்டினி கிடந்த ஆள்.

பட்டினி என்றதும் தாது வருஷம் நினைவுக்கு வருகிறது. 1876-78 பஞ்சத்தை நம் பக்கம் தாது வருஷப் பஞ்சம் என்றுதான் சொல்வார்கள். தேடிக்கொண்டு போகிற பல குடும்பங்களின் நூல் அறுபடுவது அங்கேதான். எங்களிலும் டைட்டில் டீடு வாங்கியவரின் தம்பி கிளை அதற்குப் பிறகு ஊர்க் கணக்கில் இல்லை. அதற்குச் சற்று முன்பு, 1875இல்தான் திருச்சியிலிருந்து திண்டுக்கல் வழியாக மதுரைக்கு ரயில் வந்திருந்தது. கண்டிச் சீமைக் காப்பித் தோட்டத்துக்குப் போனவர்கள் இந்தச் சமவெளியிலிருந்து நிறையப் பேர். தம்பி வீட்டார் செத்தார்களா, கண்டிக்குப் போனார்களா, தெரியாது. குலசாமி கோயிலில் மட்டும் அவர்களுக்கு ஒரு பங்குத் திருநீறு இன்றும் தனியாக எடுத்துவைக்கப்படுகிறது. கேட்டு வாங்க ஆள் வருவதில்லை. ஆனாலும் பூசாரி எடுத்துவைக்கிறார். வகையறாக் கணக்கைக் கர்ணத்தைவிடக் கறாராக வைத்திருப்பவர் பூசாரிதான் என்பதால், மூதாதை தேடுகிறவர்கள் முதலில் போக வேண்டிய இடம் குலசாமி கோயில் என்று சொல்வேன். யார் யாருக்கு எந்த வரிசையில் மரியாதை, யார் பானை முதலில் பொங்க வேண்டும், யார் யாரோடு பெண் எடுக்கக் கூடாது, எல்லாம் அங்கே நடைமுறையாக இருக்கிறது.

பெண்கள்தான் இந்தத் தாள்களில் இல்லை. காவல்காரத் தாத்தாவுக்கு மகன் இருந்தார் என்று சர்க்கார் எழுதியது, அந்த மகனைப் பெற்றவளை எழுதவில்லை. பிள்ளையில்லாமல் புருஷன் செத்து, விதவை பேரில் நிலம் நின்றால்தான் பெண் பெயர் ஒன்று தலைகாட்டும். எங்கள் ஊர்ப் பக்கத்திலேயே அப்படி ஒருத்தி இருக்கிறாள், வேறு வீட்டுக்காரி. அவள் பெயரை வாசித்தபோது முன்பின் தெரியாத அந்த அம்மாள்மேல் பெரிய மரியாதை வந்தது.

பெண்வழிக்கு வாய்தான் ஆவணம். அப்பத்தா பிள்ளைகளைத் தூங்கவைக்கும்போது மாமன்மார் ஊர்களை வரிசையாக அடுக்கிப் பாடுவாள். எந்த மாமன் எந்த ஊரிலிருந்து சங்கு கொண்டுவந்தான், எவன் தொட்டிலுக்குக் கயிறு கொண்டுவந்தான் என்று. சின்ன வயசில் அதை வெறும் பாட்டு என்றுதான் கேட்டோம். அந்த ஊர்களை இப்போது வரைபடத்தில் வைத்துப் பார்த்தால் ஆத்தூரிலிருந்து கன்னிவாடி வழியாக இடையகோட்டை வரைக்கும் ஒரு கோடு போகிறது. தலைமுறை தலைமுறையாகப் பெண் கொடுத்து எடுத்த ஊர்கள் அவை. அதில் ஒரு ஊர் எங்கள் இப்போதைய உறவு வட்டத்தில் இல்லவே இல்லை. அங்கே யாருக்கும் எங்களைத் தெரியாது. ஆனால் அந்த ஊரின் இனாம் பக்கத்திலும் ஒரு காவல் மானியம் இருக்கிறது.

காவல்காரன் வீட்டுக்குக் காவல்காரன் வீட்டில் பெண் எடுப்பது அந்தக் காலத்தில் இயல்பு. அடுத்த சிவராத்திரிக்கு முன்னால் அந்த ஊர்ப் பூசாரியைப் பார்க்கப் போகிறோம். பெரியப்பாவும் வருகிறார். வேலைப் பற்றி அங்கே ஏதாவது தெரியுமா என்று அவரே கேட்டுக்கொள்வாராம்.